கஷாயம் குடித்தாலும் கிளினிக்கை விடாதீர்கள்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அடுப்பு வேலையும் பிள்ளைகள் வேலையும் வீட்டில் காத்துக்கிடக்க, நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

எந்தத் தோட்டத்துக்குப் போய் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினாலும், முடிவில் யாராவது ஒரு அம்மா எழும்பி ஒரு கேள்வி கேட்பார். "ஐயா, பிரஷருக்கு எந்த இலை நல்லதுங்க? குளிசையை விட்டுட்டு அதைக் குடிக்கலாமுங்களா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் இன்றைக்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்லப் போகிறோம்.

பிரஷர் என்றால் என்ன?

மலை உச்சியில் இருக்கும் டாங்கியிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது. தண்ணீர் அளவான வேகத்தில் வந்தால் குழாய் பல வருஷம் நிற்கும். வேகம் கூடிக்கொண்டே போனால், முதலில் பொருத்து இளகும், பிறகு ஒரு நாள் குழாய் வெடிக்கும். நம் உடம்பிலும் அப்படித்தான். இரத்தம் நாளங்களில் ஓடும்போது சுவரைத் தள்ளும் வேகமே இரத்த அழுத்தம். டொக்டர்மார் இதை உயர் குருதி அழுத்தம் என்று எழுதுவார்கள். நாம் பிரஷர் என்கிறோம்.

கொப்பியில் இரண்டு இலக்கம் எழுதுவார்கள். மேலே உள்ளது இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழே உள்ளது இருதயம் தளரும்போது உள்ளது. வேறு வேறு நாட்களில் அளந்து பார்த்தும் மேல் இலக்கம் 140, அல்லது கீழ் இலக்கம் 90, அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைப் பிரஷர் வியாதி என்கிறோம். இரண்டும் கூட வேண்டும் என்பதில்லை, ஒன்று கூடினாலும் போதும்.

இந்த வியாதியின் பொல்லாத குணம், அது சத்தம் போடாது. காய்ச்சல் என்றால் உடம்பு சுடும். பல்வலி என்றால் தூங்க விடாது. பிரஷர் 170 இருக்கும் ஒருவர் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவார், சிரித்துப் பேசுவார், நன்றாகச் சாப்பிடுவார். உள்ளே மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் போகும் நாளங்கள் கெட்டுக்கொண்டிருக்கும். தலைவலி, தலைச்சுற்று வந்தால்தான் பிரஷர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது எதுவும் வருவதில்லை. கை கால் விழுந்த பிறகுதான், "இவருக்குப் பிரஷர் இருந்திருக்கு" என்று வீட்டாருக்குத் தெரிய வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நாங்கள் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

நாட்டு மருந்து பொய்யில்லை

நம் பாட்டன் பூட்டன்மார் கடல் தாண்டி இந்த மலைகளுக்கு வந்தபோது, கை வைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் துளசியும் கற்பூரவள்ளியும் இன்றும் நிற்கின்றன. டிஸ்பென்சரி எட்டாத நேரத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியது பாட்டிமாரின் கை மருந்துதான். அதைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. நம் நாட்டுச் சட்டமும் அதை மதிக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே இருக்கிறது.

ஒரு வேரின் கதையைச் சொல்கிறோம். சர்ப்பகந்தி என்று ஒரு செடி. தமிழ் வைத்தியர்கள் சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் ஏகவேரிய. இதன் வேரைத் தூக்கமின்மைக்கும், மனக் குழப்பத்துக்கும், பாம்புக் கடிக்கும் நம் பக்கத்து வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் இது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாயைச் சேர்ந்த டொக்டர் ருஸ்தம் ஜால் வகில், தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ஓர் இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள். உலகம் முழுவதும் பிரஷருக்கு அதைக் குளிசையாகக் கொடுத்தார்கள்.

ஆக, ஆங்கில மருந்தாகக் கிடைத்த ஆரம்பகாலப் பிரஷர் குளிசைகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்ததுதான். கேட்கப் பெருமையாக இருக்கிறது, இல்லையா?

கதையின் மறுபாதியையும் கேளுங்கள். அந்த மருந்து அளவு மீறினால் நாடித் துடிப்பு குறையும், மூக்கடைக்கும், சோர்வு வரும். சிலருக்கு மனம் இருண்டு, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தது. அதனால்தான் பிறகு வந்த, கெடுதல் குறைந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று அளந்து கொடுத்தபோதே இந்த நிலை. வேரை இடித்து "ஒரு சிட்டிகை, ஒரு கரண்டி" என்று குடித்தால் அளவு யாருக்குத் தெரியும்? ஒரு வேரில் சத்து கூட இருக்கும், இன்னொன்றில் குறைய இருக்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? மூலிகைக்குச் சக்தி உண்டு. சக்தி உள்ள எதற்கும் அளவு வேண்டும். "இலைதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சு, மூலிகையை மதிக்கிற பேச்சு அல்ல.

உடம்பைக் கேட்டால் சரியான பதில் வராது

எங்கும் நடக்கிற ஒன்றைச் சொல்கிறோம். ஒரு அம்மாவுக்குப் பிரஷர் என்று கிளினிக்கில் குளிசை கொடுக்கிறார்கள். இரண்டு மாசம் போடுகிறார். பக்கத்து லயத்துப் பெரியம்மா, "இந்தக் கஷாயத்தைக் குடி, நான் குளிசையை எப்பவோ விட்டுட்டேன்" என்கிறார். அம்மாவும் குடிக்கிறார். உடம்பு இலேசாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கேன்" என்று குளிசையை நிறுத்துகிறார். ஆறு மாசம் கழித்து ஒரு விடியற்காலை, வாய் கோணி, வலது கை தூக்க முடியாமல் கிடக்கிறார்.

கஷாயம் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் கஷாயம் குடித்ததால் பிரஷர் இறங்கியதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. "நல்லா இருக்கேன்" என்பதை ஆதாரமாக வைத்துக்கொண்டார். முன்பே சொன்னோம், பிரஷர் 170 இருக்கும்போதும் அவர் நன்றாகத்தான் இருந்தார்!

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்வோம். கஷாயம் குடித்தாலும் சரி, குளிசை போட்டாலும் சரி, உப்பைக் குறைத்தாலும் சரி, அளந்து பார்த்த இலக்கம் மட்டுமே சாட்சி. குளிசையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அந்த இலக்கங்களைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். சில பிரஷர் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே பாயும், இருதயத்துக்கும் ஆபத்து. அதையும் நினைவில் வையுங்கள்.

நாம் கேள்விப்படும் மூலிகைகள்

வெள்ளைப்பூடு: பல ஆராய்ச்சிகளில் பூண்டு பிரஷரைச் சிறிதளவு குறைத்திருக்கிறது. கறியில், இரசத்தில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் இருதய வருத்தத்துக்காக அஸ்பிரின் அல்லது இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்கள், தினமும் பல பல் பச்சைப் பூண்டை விழுங்கக் கூடாது. இரத்தம் கசியும் தன்மை கூடும்.

வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி: இவை நல்ல உணவு. தினமும் ஒரு கீரை சேர்ந்தால் உடம்புக்கு நல்லது. ஆனால் பிரஷர் குளிசைக்கு ஈடாக நிற்கும் மருந்து என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, வல்லாரைச் சம்பலில் நாம் போடும் உப்பையும் மாசியையும் பாருங்கள். கீரை செய்யும் நன்மையை உப்பு விழுங்கிவிடும். தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் வெங்காயமும் போட்டு, உப்பை விரல் நுனியோடு நிறுத்துங்கள்.

கீரை பறிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். புல்லுக்கு மருந்தடித்த மலையில் முளைத்த வல்லாரையை ஒருபோதும் பறிக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி வைத்தால் குடும்பத்துக்குப் போதும்.

செவ்வரத்தம்பூ: செம்பருத்தித் தேத்தண்ணி பிரஷரைக் குறைக்கும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். ஆராய்ச்சி செய்து பார்த்தது புளிச்சைக் கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிவந்த புல்லிவட்டத்தை. லயத்து வேலியில் பூக்கும் செவ்வரத்தை அதுவல்ல. பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றாகிவிடாது.

நீர்முள்ளி, நெருஞ்சில், பொல்பலா என்று கடையில் விற்கும் சிறுபீளை: இவற்றை நீர் பிரிவதற்காகக் குடிக்கிறோம். நீர் பிரியும் குளிசையை ஏற்கெனவே எடுப்பவர் இவற்றையும் சேர்த்துக் குடித்தால், உடம்பில் நீரும் உப்புச் சத்துகளும் அளவுக்கு மீறிக் குறையலாம். மலையில் வெயிலில் நிற்கும்போது தலை சுற்றி விழுந்தால் என்ன ஆகும்?

மருதம்பட்டை, சிங்களத்தில் கும்புக்: இருதயத்துக்கு நல்லது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் பாவிப்பது. பதிவு பெற்ற வைத்தியர் நாடி பார்த்து, நீங்கள் எடுக்கும் குளிசைகளைக் கேட்டு, அளவு சொல்லிக் கொடுத்தால் அது மருந்து. சந்தையில் பொட்டலமாக வாங்கி நீங்களே காய்ச்சினால் அது வெறும் ஊகம்.

பிலிம்பிக்காயும் காமரங்காவும்: "கொழுப்பு கரையும், பிரஷர் இறங்கும்" என்று இவற்றின் சாற்றைப் பச்சையாகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேரளத்தில் பிலிம்பிச் சாறு குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதை டொக்டர்மார் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குக் காமரங்கா நஞ்சு போன்றது.

சிறுநீரகம் பழுதானவர்கள் எந்தக் கஷாயத்தையும், கீரைச் சாற்றையும் டொக்டரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது. எனலாபிரில், லொசார்ட்டன் போன்ற குளிசைகள் எடுக்கும்போது, சாற்றில் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் கூடினால் இருதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பிரஷர் கூடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் கண்டால் அன்றைக்கே மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பிரஷருக்குக் கை மருந்து வேண்டவே வேண்டாம். முன்பிருந்தே பிரஷர் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்தவுடன் டொக்டரிடம் போக வேண்டும். சில குளிசைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

நல்லது என்று நினைத்து பிரஷரைக் கூட்டுபவை

இதைக் கூடுதல் கவனமாகக் கேளுங்கள். முதலாவது அதிமதுரம். சிங்களத்தில் வெல்மி. நம் ஊர் குளிருக்கும் மூடுபனிக்கும் இருமல் வராத வீடு இல்லை. இருமல் கஷாயங்கள் பலவற்றில் அதிமதுரம் இருக்கிறது. இரண்டு நாள் குடிப்பதில் பெரிய பிரச்சினை இல்லை. கிழமைக் கணக்காகத் தொடர்ந்து குடித்தால் அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரைக் கூட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எனலாபிரில் குளிசை சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். இருமல் என்றதும் நாம் அதிமதுரக் கஷாயம் காய்ச்சுகிறோம். குளிசை பிரஷரைக் கீழே இழுக்க, கஷாயம் மேலே தூக்குகிறது. இருமலும் நிற்காது. டொக்டரிடம், "இந்தக் குளிசை தொடங்கின பிறகு இருமுதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், வேறு குளிசை மாற்றித் தருவார்.

இரண்டாவது, நோவுக் குளிசை. கூடையும் சாக்கும் சுமந்த இடுப்பும் முழங்காலும் நோகத்தான் செய்யும். கடையிலோ பார்மசியிலோ வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற குளிசைகளைத் தினமும் போட்டால் பிரஷர் கூடும், சிறுநீரகமும் கெடும். நோவுக்கு என்ன எடுக்கலாம் என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள். இந்த இடத்தில் நம் பழைய வழி நல்ல வழி: எண்ணெய் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மூக்கடைப்புக்கு விற்கும் சில தடிமன் குளிசைகளும் பிரஷரைக் கூட்டும். வாங்கும்போதே "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது இந்துப்பு. "இது மருந்து உப்பு, எவ்வளவும் போடலாம்" என்பது சரியல்ல. இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்புத்தான்.

நான்காவது, டவுன் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்து விற்கும் பொடி. பிரஷர், சீனி வருத்தம், மூலம், முழங்கால் நோவு எல்லாவற்றுக்கும் ஒரே பொடி என்றால், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்படி விற்கும் பொடிகளில் ஸ்டீரொய்ட் மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீரொய்ட் நோவைப் பட்டென்று நிறுத்தும். பிரஷரையும் சீனியையும் கூட்டிவிடும்.

உப்புப் பக்கெட்டில் திகதி எழுதுங்கள்

செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. அது உப்பைக் குறைப்பது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கறி, ரொட்டி, சம்பல், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு கரண்டி.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கு இலேசு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். அப்படியானால் 1 கிலோ உப்புப் பக்கெட் 40 நாளாவது வர வேண்டும். கருவாட்டிலும் பாணிலும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் சோயா மீட் மசாலாப் பொட்டலத்திலும் உப்பு இருப்பதால், உண்மையில் அதைவிடக் கூடுதலான நாட்கள் வர வேண்டும். பக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் திகதி எழுதுங்கள். முடியும் நாளில் எண்ணிப் பாருங்கள். 20 நாளில் முடிந்தால் உங்கள் வீடு இரண்டு மடங்கு உப்புச் சாப்பிடுகிறது.

குறைக்கும் வழி: ரொட்டி மாவில் உப்புப் போட்டால் சம்பலில் போடாதீர்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். கஞ்சிக்கு உப்பு வேண்டாம். புளி, தேசிக்காய், மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை ருசி கொடுக்கும். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், சில கிழமையில் நாக்கு பழகிவிடும். பாவிக்கும் கொஞ்ச உப்பு அயடின் சேர்ந்ததாக இருக்கட்டும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சாராயமும் கசிப்பும் பிரஷரைக் கூட்டும். பீடி, சிகரட், வெற்றிலையோடு போடும் புகையிலை, இவையும் நாளங்களைக் கெடுக்கும். அண்ணன்மாரே, அக்காமாரின் உப்பை மட்டும் குறைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் போத்தலைத் தேடிப் போனால் நியாயமா?

குளிசையை ஏன் விடுகிறோம்?

குளிசையை விடுபவர்களைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

"குளிசை குடிச்சா கிட்னி போயிடும்" என்ற பயம் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. நடப்பது இதற்கு நேர்மாறு. கட்டுப்படாத பிரஷர்தான் சிறுநீரகத்தை அழிக்கிறது. பிரஷர் குளிசை அதைக் காப்பாற்றுகிறது. நீண்ட நாள் பிரஷரை விட்டுவிட்டு, சிறுநீரகம் கெட்ட பிறகு குளிசை தொடங்குகிறவர்களைப் பார்த்து, குளிசைமேல் பழி போடுகிறோம்.

"நீர்க் குளிசை போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும், மலையில எங்க போறது?" இது பெண்கள் வெளியில் சொல்ல வெட்கப்படும் காரணம். பல மலைகளில் பக்கத்தில் கழிவறை இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையும் விடுகிறார்கள், குளிசையையும் விடுகிறார்கள். இதில் வெட்கம் உங்களுக்கு இல்லை, அம்மா. மலைக்குப் பக்கத்தில் கழிவறை கேட்பது நியாயமான கேட்பு. மாதர் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் கேளுங்கள், நாங்களும் கூடச் சேர்ந்து கேட்கிறோம். அதுவரை, கிளினிக்கில் இதைத் திறந்து சொல்லுங்கள். குளிசை போடும் நேரத்தை மாற்றலாமா, வேறு குளிசை தரலாமா என்று டொக்டர் பார்ப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"கிளினிக்குப் போனா ஒரு நாள் பெயர் போயிடும்." உண்மைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆனால் பஸ் காசும் அன்றைய சம்பளமும் இலவசமில்லை. ஒரே லயத்தில் உள்ளவர்கள் ஒரே கிளினிக் நாளைக் கேட்டு வாங்குங்கள், சேர்ந்து போகலாம். பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குக் கூடிய நாட்களுக்கு மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இடையில் அளந்து பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். படுத்துவிட்ட ஒருவரைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் மாசக் கணக்கில் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். ஒரு நாள் பெயரோடு அதையும் நிறுத்துப் பாருங்கள்.

எப்படி அளப்பது?

மலை ஏறி வந்தவுடன் அளக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட, பேசாமல் உட்காருங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் தேத்தண்ணி, வெற்றிலை, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்கு மேல் பட்டியைச் சுற்ற விடாதீர்கள். வெறும் கையில், இருதய மட்டத்தில் கையை வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் தடவையும் அளந்தால் நல்லது.

அளந்த இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். 35 வயது தாண்டியவர்கள், வருத்தம் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அளக்க வேண்டும்.

நாட்டு வைத்தியரிடம் போவதானால்

போகலாம். நான்கு காரியம் செய்யுங்கள். ஒன்று, பதிவு பெற்ற வைத்தியரிடமோ அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்கோ போங்கள். இரண்டு, கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்று, அவர் தரும் மருந்தின் பெயரை அந்தக் கொப்பியிலேயே எழுதி வாங்கி, கிளினிக் டொக்டரிடமும் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். மறைத்தால், பிரஷர் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று அவருக்கும் விளங்காது. நான்கு, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். குளிசையை உடனே தூக்கி எறியச் சொல்லும் வைத்தியர் யாராக இருந்தாலும், அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள்.

இந்த அறிகுறி கண்டால் தாமதிக்காதீர்கள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனச் சோர்தல், பேச்சுக் குழறுதல். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அது பாரிசவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதானால், தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். ஆகவே எண்ணெய் தடவிப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். எப்போது தொடங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ கஷாயமோ குளிசையோ கொடுக்காதீர்கள், புரையேறும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேல் டிவிசனில் இருப்பவர்கள், அம்புலன்ஸ் எந்த இடம்வரை வரும், அங்கே ஆளைக் கொண்டுபோக எந்த வாகனம் கிடைக்கும் என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடும் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கல் வந்தாலும், அளந்தபோது 180க்கு மேல் அல்லது கீழ் இலக்கம் 120க்கு மேல் இருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்பான உறவுகளே, முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதுதான். எந்த இலை நல்லது? கறிக்குப் பூண்டும், சோற்றுக்குக் கீரையும் நல்லது. குளிசையை விட்டுவிட்டு இலையைக் குடிக்கலாமா? கூடாது. வேறு மருந்து எடுப்பதானால் சொல்லிவிட்டு எடுங்கள், அளந்து பார்த்து எடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் பிரஷர் அளக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அவசரப்பட வேண்டாம், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வாருங்கள். வராமல் லயத்தில் இருக்கும் ஐயாமாரையும் ஆத்தாமாரையும் யாராவது ஒரு தம்பி ஓடிப்போய் அழைத்து வரட்டும்.